அப்பாவிடம் சொல்லலாமா, ஐயா?

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூடுகையில் வழக்கமாகப் புதிய வார்டு, புதிய கருவி, அந்த வருஷத்தில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை என்று மகிழ்ச்சியாய்ச் சொல்லக்கூடிய காரியங்கள் இருக்கும். அவற்றை டாக்டர் அம்மா சற்று முன் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில், கட்டடமும் கருவியும் அதிகம் உதவாத ஒரு வியாதியைப் பற்றிப் பேசுகிறேன். டாக்டர்கள் அதை டிமென்ஷியா என்கிறார்கள். நாம் மறதி நோய் என்கிறோம். அதன் மருத்துவத்தைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. "உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது" என்று டாக்டர் சொன்ன அந்த நாளையும், அதற்குப் பின்வரும் சில மாதங்களையும் ஒரு மனிதனும் அவன் வீட்டாரும் எப்படிக் கடந்து போகிறார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை.

இது எங்கோ சிலருக்கு வருவது என்று நினைக்க வேண்டாம். நம் தேசம் முழுவதிலும் எடுக்கப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 7 பேருக்குச் சற்று அதிகமானவர்களுக்கு இந்த நோய் இருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 88 லட்சம் பேர். பணக்கார நாடுகளின் நோய் இது என்று எண்ணிய காலம் ஒன்று உண்டு. 1998-இல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் சேர்ந்து 10/66 என்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். நோயாளிகளில் 100-க்கு 66 பேர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 பங்குகூட அவர்களைப் பற்றி இல்லையே என்ற ஆதங்கத்தில் வைத்த பெயர் அது. அவர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த இடங்களில் நம் சென்னையும் வேலூரும் உண்டு. உங்கள் சபையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 100 பேர் இருந்தால், அந்த ஏழு பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள். முன்பு ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்து, பிறகு மெதுவாக வராமல் போனவர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

இனி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன். டாக்டரின் அறையிலிருந்து மகனோ மகளோ மட்டும் வெளியே வருவார்கள். தகப்பனார் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டுபோய், தாழ்ந்த குரலில் கேட்பார்கள்: "அப்பாகிட்ட சொல்லலாமா, ஐயா? சொல்லாமலே வச்சிக்கிட்டா என்ன?"

அன்பினால் கேட்கிறார்கள். அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்பதுதான் நான் கண்டது. பல வீடுகளில் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். சபையில் இரண்டாம் பாடம் வாசிப்பவர். பாடகர் குழுவில் நாற்பது வருஷம் பேஸ் குரல். திடீரென்று, "கண்ணாடி பவர் சரியில்லை, வேறே யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். பாங்குக்குப் போவதை நிறுத்தினார். கல்யாண வீடுகளுக்கு மனைவியை மட்டும் அனுப்பினார். கௌரவம் பார்க்கிறார் என்று உறவினர் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் வேட்டி சட்டையைத் துவைக்கப் போட்டபோது, சட்டைப் பையில் மடித்த சீட்டு ஒன்று கிடைத்தது. பேரப்பிள்ளைகள் ஐந்து பேரின் பெயரும், எந்தப் பிள்ளை எந்த மகனுடையது என்பதும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. ஒரு வருஷமாக அந்த மனிதர் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு தனியாக ஒரு யுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்.

அவரிடம் மறைப்பதினால் வீட்டார் எதைக் காப்பாற்றுகிறார்கள்? பயத்திலிருந்து அவரைக் காப்பாற்ற முடியாது. பயம் ஏற்கெனவே சட்டைப் பையில் இருக்கிறது. பயத்தைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் போவது ஒன்றுதான் மிச்சம். வீட்டில் எல்லாரும் ஏதோ குசுகுசுவென்று பேசுகிறார்கள், தான் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள் என்பதை மறதி நோய்க்காரர் நன்றாகவே உணருவார். பெயர்தான் மறக்குமே தவிர, முகக்குறிப்பை வாசிக்கும் திறமை வெகுநாள் இருக்கும்.

இந்த நோய்க்குப் பெயர் வரக் காரணமான அம்மாவைப் பற்றி உங்களில் சிலர் வாசித்திருக்கலாம். 1901-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் 51 வயதான அகஸ்டே டெட்டர் என்ற பெண் சேர்க்கப்பட்டார். டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் அவரிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதில்களை எழுதிவைத்தார். தன் பெயரைக்கூட ஒழுங்காக எழுத முடியாத நிலையில், தன்னையே தான் இழந்துவிட்டதாக அந்த அம்மா டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். பெயர் எழுத வரவில்லை. நேர்ந்தது என்ன என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அல்சைமரின் நுண்ணோக்கி கண்டுபிடித்ததைவிட, அவர் பொறுமையாகக் கேட்டு எழுதிவைத்த அந்தப் பதிலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். டாக்டர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஆகவே என் பதில்: சொல்லலாம். ஆனால் எப்படிச் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். முதலாவது, டாக்டர் நிச்சயமாய்ச் சொல்லுமுன் நாம் சொல்லிவிடக் கூடாது. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் தங்கிய இரத்தக் கட்டி இவைகளாலும் மறதி வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதையெல்லாம் பார்த்த பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும். இரண்டாவது, வராந்தாவில் நின்றுகொண்டு சொல்லும் செய்தியல்ல இது. உட்கார வேண்டும். "உங்களுக்கு என்ன செய்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று அவரிடமே கேட்டு ஆரம்பித்தால், பாதியை அவரே சொல்லிவிடுவார். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சிலர் கையை அசைத்துவிடுவார்கள். அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு, இன்னொரு நாள் கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு நடக்கப்போவதை இன்றைக்கே சொல்லி என்ன பிரயோஜனம்?

சொன்ன பிறகு என்ன நடக்கும்? ஒரே மாதிரி நடப்பதில்லை. சிலர் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு, வெளியே வந்து காபி குடிக்கலாமா என்பார்கள். மூன்று நாள் கழித்துத்தான் உடைவார்கள். சிலருக்குக் கோபம் வரும். ஆச்சரியமாக, சில வீடுகளில் முதலில் வருவது நிம்மதி. மருமகள் தன் வளையலைத் திருடிவிட்டாள் என்று ஒரு தாயார் இரண்டு வருஷமாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வளையல் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. அடுத்த வாரம் சங்கிலி காணாமற்போனது. அந்த மருமகள் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டிருந்தாள். நோயின் பெயரை டாக்டர் சொன்னதும் அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "அப்போ அத்தை என்னை வெறுக்கலையா?" என்று அவள் கேட்டது எனக்கு இன்னும் கேட்கிறது.

கிறிஸ்தவ வீடுகளில் துக்கத்துக்கு ஒரு தடை உண்டு. விசுவாசி அழக்கூடாது, கலங்கக்கூடாது, எல்லாம் நன்மைக்கே என்று உடனே சொல்ல வேண்டும் என்று நாமே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். வேதத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா தீர்க்கதரிசி வந்து, பிழைக்கமாட்டீர், வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துகொள்ளும் என்று நேராகவே சொன்னார். ராஜா என்ன செய்தார்? சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெபித்தார், மிகவும் அழுதார். அந்தக் கண்ணீரை ஆண்டவர் கடிந்துகொண்டதாக எங்கும் இல்லை. அதைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது உண்மை. நம் வார்டில் இருக்கிறவருக்கு அந்தப் பதினைந்து வருஷத்தை வாக்குக் கொடுக்க எனக்கோ உங்களுக்கோ அதிகாரம் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பி அழ அவருக்கும் இடம் உண்டு என்று சொல்ல மட்டும் அதிகாரம் உண்டு. 88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல்களைப் போல முடிவில் ஸ்தோத்திரத்துக்குத் திரும்பாமல், சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போன வேதனையோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் பரிசுத்த வேதத்தில் வைத்திருக்கிறார்களே!

இங்கே ஒரு எச்சரிப்பையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் செய்து 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, நோய் இன்னதென்று தெரிந்த முதல் மூன்று மாதங்களிலும், 65 வயதுக்குக் குறைந்தவர்களிடத்திலும், முன்பே மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடத்திலும் தற்கொலை ஆபத்து கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஆகவே முதல் மூன்று மாதம் அவர்களைத் தனியே விடாதீர்கள். "நான் உங்களுக்குப் பாரம்" என்ற வார்த்தை வாயில் வந்தால், "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று அடைத்துவிடாமல், சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதினால் அந்த எண்ணம் வந்துவிடாது. டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அரசாங்கத்தின் டெலிமானஸ் தொலைபேசி 14416. இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

விசுவாசிகள் என்னிடம் தனிமையில் கேட்கும் இன்னொரு பயம் உண்டு. "ஐயா, ஆண்டவரையும் மறந்துபோவேனா?" ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டின் பிரைடன் என்ற சகோதரி, பிரதம மந்திரியின் அலுவலகத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவர், மூன்று பெண்பிள்ளைகளின் தாய். 1995-இல் 46 வயதில் அவருக்கு டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொன்னார்கள். சாகும்போது நான் யாராக இருப்பேன் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1998-இல் ஒரு புத்தகம் எழுதினார். பிறகு மறுமணம் செய்தார். 2003-இல் சர்வதேச அல்சைமர் அமைப்பின் நிர்வாகக் குழுவில் நோயுள்ளவர் ஒருவராகவே இடம்பெற்றார். இருபது வருஷத்துக்கு மேலாக எழுதியும் பேசியும் வந்தார். எல்லாருக்கும் அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. ஆனால் கெட்ட செய்தி வந்த நாளோடு ஒரு மனிதன் முடிந்துபோவதில்லை என்பதற்கு அவர் சாட்சி. அந்தப் பயத்துக்கு நான் சொல்லும் பதில் சின்னது: நாம் ஆண்டவரை ஞாபகம் வைத்திருப்பதினால் அல்ல, அவர் நம்மை ஞாபகம் வைத்திருப்பதினால் நாம் அவருடையவர்கள். இதைச் சொன்னதும் எல்லாருடைய முகமும் மலர்ந்துவிடுவதில்லை. சிலர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

ஏசாயா சொன்ன மற்றப் பாதியையும் மறக்கக் கூடாது. வீட்டுக் காரியத்தை ஒழுங்கு செய்வது மனதுக்கும் ஒரு மருந்து. தன் காரியத்தைத் தானே தீர்மானித்தோம் என்பது ஒரு மனிதனுக்குப் பெரிய ஆறுதல். அந்தத் தலைமை ஆசிரியர், தன் புத்தகங்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும், தன் அடக்க ஆராதனையில் எந்தக் கீர்த்தனை பாடவேண்டும் என்பதை மனைவியிடம் எழுதிக் கொடுத்தார். அந்த வாரம் நன்றாகத் தூங்கினார் என்று அந்த அம்மா சொன்னார்கள். ஒரு சட்ட விஷயம்: பலர் "பவர்" எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நம் தேசத்துச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் பொதுவாகச் செல்லாமற்போகும். உயிலோ பாங்குக் கணக்கோ எதுவானாலும், தெளிவு இருக்கும்போதே, அவருடைய மனமறிந்து, வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் மறைக்கிற வீடுகளில் இந்த வாய்ப்புத்தான் முதலில் பறிபோகிறது.

இப்போது சபையாராகிய நம்மைப் பற்றி. உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கலாம்.

நாம் ஒரு நோயாளியைப் பார்க்கப் போனால் முதலில் கேட்பது என்ன? "என்னைத் தெரியுதா?" அதோடு நிற்கமாட்டோம். "யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!" சுற்றி நிற்பவர்களும், "சொல்லுங்க, சொல்லுங்க" என்பார்கள். அந்த மனிதர் முகத்தைப் பாருங்கள். பரீட்சையில் தோற்ற பிள்ளையின் முகம். நாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு ஜெபித்துவிட்டுப் போய்விடுவோம். அந்தத் தோல்வி அவரிடத்தில் தங்கிவிடும். தங்கிவிடும் என்று நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயுள்ளவர்களுக்குத் துக்கமான படக்காட்சிகளையும் சந்தோஷமான காட்சிகளையும் காட்டினார்கள். சற்று நேரத்தில் பார்த்த படம் அவர்களுக்கு மறந்துபோனது. அந்தத் துக்கமும் சந்தோஷமும் மறையாமல் இருந்தன. நீங்கள் வந்ததை அவர் மறப்பார். நீங்கள் வந்ததினால் உண்டான மனநிலை அவரிடத்தில் இருக்கும்.

ஆகவே கேள்வி வேண்டாம். அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, "வணக்கம் சார், நான் உங்ககிட்ட ஆறாம் வகுப்பு படிச்ச பையன்" என்று நீங்களே பெயரைச் சொல்லிவிடுங்கள். ஒரு கீர்த்தனையை மெதுவாகத் தொடங்குங்கள். அந்த ஆசிரியருக்கு மனைவியின் பெயர் தப்பிப்போன பிறகும், பல்லவியைத் தொடங்கினால் பேஸ் குரலில் சேர்ந்துகொள்வார். இசையின் ஞாபகம் கடைசிவரை வருகிறது என்று டாக்டர்களும் சொல்லுகிறார்கள்.

இதைச் சாபம் என்றும், பாவத்தின் பலன் என்றும், மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருந்தால் தீரும் என்றும் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் வாதம் பண்ணுவதில்லை. அவர்கள் வீட்டுக்குள் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று குடும்பத்தாருக்குச் சொல்லுவேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று பாட்டியை அடுத்த அறையில் வைத்துப் பூட்டுகிற வீடுகளும் உண்டு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேரடியாக வருகிற வகை மிகவும் அரிது. அதை டாக்டரிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள், பூட்டை எடுங்கள்.

கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு துக்கம் உண்டு. கணவர் உயிரோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் தன்னோடு முப்பது வருஷம் பேசிய மனிதர் இல்லை. யாரும் துக்கம் கேட்க வருவதில்லை, ஏனென்றால் யாரும் சாகவில்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதைத் தெளிவில்லாத இழப்பு என்று அழைத்து, 1999-இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்த மனைவிக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, வாரத்தில் இரண்டு மணி நேரம் அவருடைய இடத்தில் போய் உட்காருவது. அவர் தூங்கட்டும், கடைக்குப் போகட்டும், ஆலயத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அழட்டும். உங்கள் காணிக்கைக்காக நன்றி சொல்லுகிறோம். இந்த இரண்டு மணி நேரத்தைக் காசோலையில் அனுப்ப முடியாது.

கடைசியாக, போன மாதம் ஒரு சபையின் மூப்பர் கேட்டதைச் சொல்லி முடிக்கிறேன். "ஐயா, திருவிருந்து நினைவுகூருதலுக்காகத்தானே ஏற்பட்டது? நினைவே இல்லாதவருக்குக் கொடுக்கலாமா?" நல்ல கேள்வி, யோக்கியமான கேள்வி. கொடுக்கலாம், கொடுக்கவேண்டும் என்றேன். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அந்தப் பிள்ளையிடம் நாம் விசுவாசப் பிரமாணம் கேட்பதில்லை, சபை அறிக்கையிடுகிறது. அதுபோல அவருக்காகச் சபை நினைவுகூருகிறது. வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். நோய் முற்றியவர்களுக்கு விழுங்குவதில் தடங்கல் இருக்கும். ஆகவே செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, அப்பத்தில் மிகச் சிறு துணுக்கை ரசத்தில் தோய்த்துக் கொடுத்தால் போதும். வாயைத் திறக்கவில்லையானால் அவசரப்படுத்தாதீர்கள். மனைவியோ மகளோ அவருக்கு எதிரே உட்கார்ந்து முதலில் வாங்கிச் சாப்பிடட்டும். அதைப் பார்த்து அவரும் வாயைத் திறப்பார்.